எறும்பு தின்ற தடயம்

அத்தியாயம் 6

நாகஜோதி துப்பறியும் நிறுவனம் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருக்கிறது. நிறுவனம் என்றால் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பிராங்க்ளின். மாப்பிள்ளை குடிக்கிறானா, பெண் ஏற்கெனவே யாருக்காவது தலையாட்டி வைத்திருக்கிறாளா என்று விசாரித்துச் சொல்வதுதான் அங்கே அன்றாடப் பிழைப்பு. நாகஜோதி இந்தத் தொழிலுக்குப் புதுசு இல்லை. போர்டு மாட்டுவதற்கு முன்பும் அவள் இதையேதான் செய்துகொண்டிருந்தாள், என்ன, அப்போது இலவசம் என்று அவள் தெருவில் சொல்வார்கள்.

அப்படிப்பட்ட இடத்துக்கு வானத்திலிருந்து ஆள் விழுந்த கேஸ் வந்தால் பிராங்க்ளின் என்ன செய்வான்?

"அக்கா, இதுவரைக்கும் நமக்கு வந்த கேஸ்ல ஒருத்தன்கூட கட்டில்ல இருந்து விழுந்ததில்ல" என்றான். "இது நமக்கு வேணுமா?"

"ஏலே, வண்டிய எடு" என்றாள் நாகஜோதி.

விழுந்தவன் மோகன்குமார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்துவின் ஒரே மகன். ரெட்டியார்சத்திரம் தாண்டி, மழைக்காலத்தில் மட்டும் கண்மாய் என்று மரியாதை வாங்கும் பொட்டல் ஒன்று உண்டு. அங்கே கிளெமென்ட் ஹேங் கிளைடர் பள்ளி நடத்துகிறார். கிளெமென்ட் ஏர்ஃபோர்ஸில் இருந்தவர். அங்கே விமானம் ஓட்டினேன் என்று அவர் சொல்வார். விமானத்துக்குப் பெட்ரோல் ஊற்றினார் என்று அவர் மனைவி சொல்வாள். நமக்கெதற்கு வம்பு.

ஹேங் கிளைடர் என்றால் முக்கோணமாய் ஒரு துணி ரெக்கை. அதன் அடியில் ஆள் வௌவால் போலப் படுத்துத் தொங்க வேண்டும். பொட்டலின் மறுகோடியில் இருக்கும் வின்ச், அதாவது இழுவை இயந்திரம், நீளக் கயிற்றைச் சுருட்டச் சுருட்ட ரெக்கை பட்டம் போல மேலே ஏறும். தேவையான உயரம் வந்ததும் மார்பில் இருக்கும் ரிலீஸை இழுத்து ஆள் கயிற்றைக் கழற்றிவிட்டுப் பறந்துபோவார். கழலாவிட்டால் தூண்டிலில் மாட்டிய கெண்டையின் கதிதான்.

முந்தாநாள் காலை மோகன்குமார் கெண்டையாகிவிட்டான். பாதி உயரத்தில் ரெக்கை ஒருக்களித்தது. ரிலீஸை இழுத்தான், கழலவில்லை. ஆபத்துக்கென்று வைத்திருந்த இரண்டாவது ரிலீஸை இழுத்தான், அதுவும் கழலவில்லை. அப்புறம் கயிறு தானாக அறுந்தது. ரெக்கை ஒரு சுற்றுச் சுற்றிப் பக்கத்து முருங்கைத் தோப்பில் இறங்கியது. முருங்கை ஆளைத் தாங்குகிற மரமா? மரமும் ஒடிந்தது, மோகன்குமாரின் இடது காலும் ஒடிந்தது.

இதோடு போயிருந்தால் விபத்து என்று விட்டிருப்பார்கள். ஆனால் அந்தக் கயிற்றின் ஓரிடத்தில் மட்டும் நூல் மாதிரி மெல்லிசாய் ஒரு கண்ணி கட்டியிருந்தது. கயிறு சரியாக அங்கேதான் அறுந்தது. அதைக் கட்டியவள் வின்ச் ஓட்டும் ஷைனி. ஷைனிக்கும் மோகன்குமாருக்கும் இடையே என்னவோ இருந்தது என்று ஊர் வேறு மென்றுகொண்டிருந்தது. நாச்சிமுத்து கொலை முயற்சி என்று புகார் எழுதிவிட்டார். இன்று மண்டியில் ஏலம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் நேரே வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ஷைனியைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதற்குள் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி கிளெமென்ட் நாகஜோதியைக் கூப்பிட்டிருந்தார்.

பொட்டலோரத் தகரக் கொட்டகையில் ஷைனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அந்த நூலைக் கட்டினது நீதானாம்மா?" என்றாள் நாகஜோதி.

"நான்தான்க்கா. எப்பவும் நான்தான் கட்டுவேன். அதுக்குப் பேரு வீக் லிங்க். அறுந்துபோறதுக்குன்னேதான் கட்டுறது."

பிராங்க்ளின் தலையில் கை வைத்தான். "ஏம்மா, இன்ஸ்பெக்டர்கிட்டயும் இப்படியேவா சொன்ன?"

"ஆமா."

"விளங்கிரும்."

"பின்ன எப்படிண்ணே சொல்றது? ரிலீஸ் கழலாம இழுவை ஏறிக்கிட்டே போச்சுன்னா ரெக்கை குப்புற விழுந்துரும். அதுக்கு முன்னாடி அந்த நூல் அறணும். வீட்டுல ஃபியூஸ் போகுதுல்ல, அந்த மாதிரி. நான் வின்ச்ச நிறுத்துறதுக்குள்ள நூல் வேலையை முடிச்சிருச்சு."

"மோகன்குமாருக்கும் உனக்கும்?"

"கட்டிக்கிறியான்னு கேட்டான். சிரிச்சுட்டேன். அம்புட்டுத்தான்."

"சிரிச்சதுக்கா கொலை கேஸு?"

"நான் அழுதேன்னு அவங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுறாரு" என்றாள் ஷைனி. கொலைக் குற்றத்தைவிட அதுதான் அவளுக்கு அதிக எரிச்சல் என்று பிராங்க்ளினுக்குத் தோன்றியது.

கிளெமென்ட் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த இழுவை வாரைக் காட்டினார். அதன் இரு நுனியிலும் ஒவ்வொரு ரிலீஸ். சுண்டுவிரல் நீளத்தில் எஃகு ஊசி, அதன் முனையை மூடிப் பிடித்தபடி ஒரு சின்னக் குழல். குழலைப் பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகிக் கயிறு கழன்றுவிடும். ஒன்று மேலேயே தெரிந்தது. இன்னொன்றை அழுக்குப் படாமல் இருக்க ஒரு கித்தான் மடிப்புக்குள் செருகி வைத்திருந்தார்கள்.

"பாருங்க மேடம்." கிளெமென்ட் குழலை இழுத்தார். டக்கென்று கழன்றது. "நேத்து இன்ஸ்பெக்டரும் இழுத்து இழுத்துப் பார்த்தாரு. ரெண்டும் வெண்ணெய் மாதிரி வருது. பய பயந்துபோயி இழுக்கவே இல்லைங்கிறாரு."

"இழுத்தான்" என்றாள் ஷைனி. "அவன் கை மார்புக்குப் போனதை நான் பார்த்தேன்."

"பூட்டுக்குப் பேர்போன ஊருக்குப் பக்கத்துல திறக்குற சாமானை வச்சுப் பொழப்பு நடத்துனா இப்படித்தான்" என்றான் பிராங்க்ளின்.

நாகஜோதி அவனைக் கண்டுகொள்ளவில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே காலையில் குடித்த டீ கிளாஸ் ஒன்று கிடந்தது. அடியில் சர்க்கரை கெட்டியாய் உறைந்திருந்தது. அதைத் தாண்டி ஒரு வரிசை எறும்பு சுவரேறிப் போய்க்கொண்டிருந்தது.

"ஏலே, இந்த எறும்புக்கு என்ன கொழுப்பு பாரு. கீழ இருக்குற சர்க்கரையை விட்டுட்டு எங்க போகுது?"

பிராங்க்ளின் கண்ணால் வரிசையைப் பின்தொடர்ந்தான். ஆணி, வார், ரிலீஸ். எறும்புகள் ஒவ்வொன்றாய்க் குழலுக்குள் நுழைந்து, வாசற்படியில் ஆளைப் பார்த்த திருடனைப் போலத் திரும்பி வந்தன. கித்தான் மடிப்புக்குள்ளும் அதே கதை.

"இரும்பைத் திங்கிற எறும்பா அக்கா?"

"மோந்து பாரு."

அவன் மோந்து பார்த்தான். ஏலக்காய். நாகஜோதியிடம் பூதக்கண்ணாடியும் கிடையாது, ஆய்வுக்கூடமும் கிடையாது. அவளிடம் இருப்பது பிராங்க்ளின்தான். ஆகவே அவன் எறும்பை ஊதிவிட்டுக் குழலின் விளிம்பை நாக்கு நுனியால் தொட்டான். ஷைனி "ச்சீ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிராங்க்ளினின் கண் விரிந்தது. "அக்கா... பஞ்சாமிர்தம்!"

"நிச்சயமா?"

"எங்க தெருவுல யாரு பழனிக்குப் போனாலும் மொத டப்பா எங்க வீட்டுக்குத்தான் வரும். தூக்கத்துல எழுப்பிக் குடுத்தாலும் சொல்லுவேன்." அவன் இன்னொரு தடவை நக்கப் போனான். நாகஜோதி கையில் தட்டினாள்.

"தடயத்தைத் திங்காத. எறும்பு தின்னது போக மிச்சம் இருக்குறதே இம்புட்டுத்தான்."

கிளெமென்ட்டுக்கு மெதுவாக விளங்கியது. "கல்கண்டு!"

"அதேதான். ஊசிக்கும் குழலுக்கும் நடுவுல ஒரு கல்கண்டு சிக்குனா போதும், யாரு இழுத்தாலும் வராது. ராத்திரியோட ராத்திரியா எறும்பு வந்து சுத்தம் பண்ணிட்டுப் போயிருச்சு. மறுநாள் இன்ஸ்பெக்டர் இழுத்தா வெண்ணெய் மாதிரிதானே வரும்?"

பிராங்க்ளின் சட்டென்று மூலையிலிருந்த அலமாரிக்குப் பாய்ந்தான். அங்கே பழனிப் பஞ்சாமிர்த டப்பா ஒன்று மூடியோடு உட்கார்ந்திருந்தது. "மாட்டுனாரு கிளெமென்ட்!" என்று வெற்றிக் கூச்சலோடு திறந்தான். உள்ளே நட்டும் போல்ட்டும்.

"தம்பி, அது போன வருஷத்து டப்பா" என்றார் கிளெமென்ட் நொந்துபோய். "எனக்கு முன்னூறு சுகரு. பஞ்சாமிர்தத்தைப் படத்துல பார்க்கக்கூட டாக்டர் விடமாட்டாரு."

"அது கிடக்கட்டும்" என்றாள் நாகஜோதி. "பறக்குறதுக்கு முன்னாடி ரிலீஸை இழுத்துப் பார்க்குறது உங்க வழக்கம்தானே? அன்னைக்குப் பார்க்கலையா?"

"பார்த்தேன் மேடம், சத்தியமா. நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் காத்து நின்னுபோச்சு. எல்லாரும் ரோட்டோரக் கடைக்கு டீ குடிக்கப் போனோம். செத்த நேரத்துல காத்து வந்துச்சு, ஓடியாந்து..." குரல் தேய்ந்தது.

"கயிறு மாட்டுன ரெக்கையைப் பொட்டல்ல தனியா விட்டுட்டா போனீங்க?"

"ஆமா."

"திரும்பி வந்து இழுத்துப் பார்க்கலை."

கிளெமென்ட் தன் செருப்பைப் பார்த்தார்.

"டீக்கு முன்னாடி பார்த்தது டீக்கு அப்புறம் செல்லாது சார்" என்றாள் நாகஜோதி. "புது செட் ஒண்ணு இருக்கா? எடுத்துக்கங்க. ஷைனி, அந்த நூல்கண்டையும் எடு. ஏலம் முடியுறதுக்குள்ள மண்டிக்குப் போகணும்."

"புலி வாயிலேயே கொண்டுபோயி விடுறீங்களேக்கா" என்றாள் ஷைனி.

"புலி என்ன திங்குதுன்னு பார்க்கணும்ல."

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் அந்த நேரத்தில் வாய்விட்டுப் பேசினால் யாருக்கும் கேட்காது, ஆகவே எல்லோரும் கத்துவார்கள். கேரளா லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார்கள். தக்காளிப் பெட்டி மலைக்கு நடுவே நாச்சிமுத்து நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, மகன் விழுந்ததிலிருந்து மழிக்காத தாடி. ஷைனியைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

"ஏனுங்க அம்மிணி, இந்தப் புள்ளையை எதுக்குங்க இங்க கூட்டியாந்தீங்க?"

"ரெண்டு வார்த்தை பேசலாம்னுதாங்க."

"பேச என்னங்க இருக்குது? முப்பது வருசமா லாரிக்குக் கயிறு கட்டுறவனுங்க நான். ஒரு கயிறு அத்துதுன்னா கட்டுனவனைத்தானுங்க கேக்கோணும்? தாம்புக் கயித்துக்கு நடுவால நூலை வெச்சுக் கட்டுனா, அதுக்கு என்னங்க அர்த்தம்? என்ற பையன் இவளைக் கட்டமாட்டேன்னுட்டான். அந்த ஆத்தரம்."

"நான்தான் மாட்டேன்னேன்" என்றாள் ஷைனி.

"பாருங்க, வாய் எப்படின்னு!"

"ஐயா, நீங்க அந்தப் பொட்டலுக்குப் போயிருக்கீங்களா?" என்று நாகஜோதி சாதாரணமாகக் கேட்டாள்.

"நானா? அந்த எடத்துல கால் வெக்கமாட்டேன்னு பையன்கிட்டச் சத்தியம் பண்ணுனவனுங்க. அந்த எழவு ரெக்கையை நான் கண்ணால பார்த்ததில்லைங்க."

பேச்சு ஓடிக்கொண்டிருக்க, பிராங்க்ளின் களைப்பாகப் பக்கத்திலிருந்த புது எலக்ட்ரானிக் தராசில் சாய்ந்தான். அடுத்த நொடி ஐயோ என்று துள்ளினான். முழங்கையில் கட்டெறும்பு. குனிந்து பார்த்தால் தராசில் ஒயர் செருகும் ஓட்டையிலிருந்து எறும்பு வரிசை. கல்லாவில் கால்குலேட்டர், அதன் பேட்டரி மூடியில் எறும்பு. தூணில் போன வாரம் மாட்டிய கண்காணிப்பு கேமரா, அதன் அடியிலும் பழுப்பாய் ஏதோ அப்பியிருந்தது, அதைச் சுற்றி ஓர் எறும்புத் திருவிழா.

அவன் நாகஜோதியின் காதருகே போனான். "அக்கா, இந்த மண்டியில மெஷினுக்கெல்லாம் சாப்பாடு போடுறாங்க."

நாகஜோதி தலையசைத்தாள். அவள் அதை உள்ளே நுழையும்போதே பார்த்துவிட்டாள் என்பது பிராங்க்ளினுக்கு எரிச்சலாக இருந்தது.

"சரிங்கய்யா, புகார் உங்க இஷ்டம்" என்றாள் அவள். "ஆனா பள்ளிக்கூடத்துக்குப் புதுசா இதை வாங்கியிருக்காங்க." கிளெமென்ட்டின் பையிலிருந்து புது வாரை எடுத்து மேஜையில் வைத்தாள். "அடுத்த பையனாவது நல்லா இருக்கணும்ல. உங்க கை ராசியான கைன்னு மார்க்கெட்டே சொல்லுது."

நாச்சிமுத்து முறைத்தார். பிறகு வாரைப் பார்த்தார். மறுபடி முறைத்தார். புத்தம்புது சாமான் ஒன்று கண்முன்னே வெறுமனே கிடப்பதை அவரால் தாங்க முடியவில்லை என்பது மூஞ்சியிலேயே தெரிந்தது.

"பூசை போட்டாச்சுங்களா?"

"இல்லைங்க."

"என்னங்க நீங்க! புது சாமானை வாய் காய விடலாமுங்களா?" கல்லாவுக்கு அடியிலிருந்து டப்பா வந்தது. விரலில் ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா" என்று சொல்லி, குழலின் ஓட்டையைத் தேடி உள்ளே வைத்து அழுத்தினார். குழந்தைக்குச் சோறூட்டுகிற பக்குவம். அப்புறம் வாரைத் திருப்பி, கித்தான் மடிப்பை விலக்கி, உள்ளே ஒளிந்திருந்த இரண்டாவது குழலுக்கும் ஊட்டினார்.

பிராங்க்ளினால் அடக்க முடியவில்லை.

"ஐயா, அந்த மடிப்புக்குள்ள இன்னொண்ணு இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னது? ரெக்கையைக் கண்ணால பார்த்ததில்லைன்னீங்க?"

விரல் அப்படியே நின்றது.

மண்டி கத்திக்கொண்டேதான் இருந்தது. நாச்சிமுத்து துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"போனேனுங்க" என்றார் கடைசியில். "பையன் மொதத் தடவை தனியாப் பறக்குறான்னாங்க. அப்பன் மனசு கேக்குமுங்களா? விடியறதுக்குள்ள பழனி போயிட்டு, நேரா அங்க வந்தேன். ஒருத்தரையும் காணோம், ரெக்கை தனியாக் கெடந்துது. ரெண்டு வாய் இருந்துது. ஒண்ணுக்கு வெச்சு ஒண்ணுக்கு வெக்காம வரலாமுங்களா? ரெண்டுக்கும் ஊட்டிட்டு வந்துட்டேன்." குரல் நிமிர்ந்தது. "இந்தப் புள்ள பண்ணுன வேலைக்குப் கால் ஒடிஞ்சதோட பையன் தப்பிச்சான்னா, அது அந்தப் பிரசாதமுங்க!"

நாகஜோதி உத்தரத்துக் கொக்கியில் வாரை மாட்டினாள். ஷைனி ஒரு தக்காளிப் பெட்டியைக் கயிற்றில் கட்டி ரிலீஸில் தொங்கவிட்டாள்.

"இழுங்கய்யா. பெட்டி விழணும்."

நாச்சிமுத்து ஒரு விரலால் இழுத்தார். பிறகு கையால். பிறகு இரண்டு கையாலும், பல்லைக் கடித்துக்கொண்டு. பெட்டி லேசாக ஆடியது, அவ்வளவுதான். மடிப்பை விலக்கி இரண்டாவதை இழுத்தார். அதுவும் வரவில்லை. உள்ளே கல்கண்டு நரநரக்கும் சத்தம் பிராங்க்ளினுக்கே கேட்டது.

"என்ற பையன்... மேல... இப்படித்தான் இழுத்தானுங்களா?"

ஷைனி நூல்கண்டைப் பிரித்தாள். ரிலீஸுக்கும் கயிற்றுக்கும் இடையே ஒரு நூல் கண்ணி கட்டினாள். பெட்டியைத் தாங்கியது. "அண்ணே, தொங்குங்க" என்றாள் பிராங்க்ளினிடம்.

"நானா? ஏம்மா, என்னைப் பார்த்தா தக்காளி மாதிரியா இருக்கு?"

"தொங்குலே" என்றாள் நாகஜோதி.

அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலை மடக்கினான். பட்டென்று நூல் அறுந்தது. பிராங்க்ளினும் தக்காளியும் சேர்ந்து தரைக்கு வந்தார்கள். மேலே வார் மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு வாயும் அடைச்சுப்போன பிறகு கயித்தை விட்டது இது ஒண்ணுதாங்கய்யா" என்றாள் ஷைனி. இப்போது அவள் குரலில் எரிச்சல் இல்லை. "இது தாம்புக் கயிறா இருந்திருந்தா..."

"சொல்லாத கண்ணு." நாச்சிமுத்து பக்கத்திலிருந்த இன்னொரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். "சொல்லாத."

கிளெமென்ட் தொண்டையைச் செருமினார். "என் தப்பும் இருக்குங்க. தனியா விட்டுட்டுப் போனது நான். திரும்பி வந்து பார்க்காததும் நான்."

"வந்து பார்த்திருந்தா என்ற பிரசாதத்தை வழிச்சு எறிஞ்சிருப்பீங்க" என்றார் நாச்சிமுத்து. சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஜீப் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் புகார்க் காகிதத்தோடு இறங்கினார். தரையெல்லாம் தக்காளி, அதன் நடுவே மல்லாந்து கிடக்கும் பிராங்க்ளின், கண் கலங்கி உட்கார்ந்திருக்கும் புகார்தாரர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இன்னொரு ஆளும் விழுந்துட்டானா?" என்றார்.

ஷைனி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள். நாச்சிமுத்து எழுந்து அவளுக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவே வந்து நின்றார்.

"சார், அந்தப் புகாருல புள்ள பேரை அடிச்சுப்போட்டு என்ற பேரை எழுதிக்குங்க."

"என்ன சொல்றீங்க? கொடுத்ததே நீங்கதானே?"

"குடுத்தவனும் நாந்தான், பண்ணுனவனும் நாந்தானுங்க. அந்தம்மா வெவரமாச் சொல்லுவாங்க."

அவர் குனிந்து, தக்காளிச் சாறுக்கு நடுவே கிடந்த அறுந்த நூலைத் தேடி எடுத்தார். ஊதித் துடைத்தார். இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் பழக்கம் யாரை விட்டது? இடது கை தானாக டப்பாவுக்குப் போனது. ஒரு சிட்டிகை எடுத்தார். நூலை இப்படியும் அப்படியும் புரட்டி, எங்கே ஊட்டுவது என்று தேடினார்.

ஷைனி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்கு வாய் இல்லைங்கய்யா" என்றாள். "எனக்கு இருக்கு."

நாச்சிமுத்து அவளைப் பார்த்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு விரலில் இருந்ததை அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை அப்படியே வாயில் போட்டுக் கல்கண்டை நறுக்கென்று கடித்தாள்.

பிராங்க்ளின் சட்டையில் ஒட்டிய தக்காளித் தோலைத் தட்டிவிட்டு எழுந்து, யாரும் கூப்பிடாமலே அவளுக்குப் பின்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றான். இன்ஸ்பெக்டர் டப்பாவைப் பார்த்தார், நாகஜோதியைப் பார்த்தார். பிறகு புகாரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்.